கல்யாண வீடியோவை யூடியூபில் ஏற்றும் முன்: எக்ஸ்போர்ட் அமைப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் கல்யாணம், சாந்தி (அறுபதாம் கல்யாணம் போன்றவை), கோயில் திருவிழா, பழைய வீடுகளைச் சுற்றிக்காட்டும் படம் என்று வீடியோ எடிட் செய்வதுதான் என் தொழில். செட்டிநாட்டு வேலையில் ஒரு விசேஷம் உண்டு. விழா கானாடுகாத்தானிலோ பள்ளத்தூரிலோ நடக்கும். பார்க்க வேண்டியவர்களில் பாதிப் பேர் சென்னையிலும் சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் இருப்பார்கள். முன்பு டிவிடி போட்டு அனுப்பினோம், இப்போது யூடியூப் இணைப்புதான். எடிட் செய்த படத்தைக் கோப்பாக வெளியே எடுக்கும் எக்ஸ்போர்ட் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு தம்பிமார்கள் போனில் கேட்பதையும், வீட்டுக்காரர்கள் கேட்பதையும் இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

அண்ணே, விளக்கமெல்லாம் அப்புறம் படிக்கிறேன். இப்போது என்ன போடட்டும்?

சரி. கோப்பு வகை எம்பி4. கோடெக் (படத்தை அமுக்கிச் சேமிக்கும் முறை) எச்.264, ஹை புரொஃபைல். ஃபீல்டு ஆர்டர் புரோகிரெசிவ். ஃப்ரேம் ரேட் (வினாடிக்கு எத்தனை படம் என்பது), நீங்கள் ஷூட் செய்தது எதுவோ அதுவே. நிறத்துக்கு ரெக் 709 (சாதாரண டிவிக்கான நிற அளவுமுறை). ஒலி ஏஏசி, ஸ்டீரியோ, 48 கிலோஹெர்ட்ஸ், 384 கேபிபிஎஸ். படம் 1080 (உயரத்தில் 1080 புள்ளி) என்றால் வேரியபிள் பிட்ரேட் (பிட்ரேட் என்பது ஒரு வினாடிப் படத்துக்குச் செலவாகும் டேட்டா), இரண்டு பாஸ், டார்கெட் 16 எம்பிபிஎஸ் (வினாடிக்கு மெகாபிட்), மேக்சிமம் 24. 4கே என்றால் டார்கெட் 50. இதை ஒரு பிரீசெட்டாகச் சேமித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான வேலைக்கு இது போதும். மற்றவற்றுக்குத்தான் கீழே உள்ளதெல்லாம்.

யூடியூபே 1080-க்கு 8 போதும் என்கிறதே, நீங்கள் ஏன் 16 சொல்கிறீர்கள்?

யூடியூப் தன் உதவிப் பக்கத்தில் தரும் அளவு இது: 1080 படத்துக்கு 24, 25, 30 ஃப்ரேமில் 8 எம்பிபிஎஸ், 50, 60 ஃப்ரேமில் 12. 4கே படத்துக்கு 35 முதல் 45, வேக ஃப்ரேமில் 53 முதல் 68. ஒருவரை நாற்காலியில் உட்கார வைத்துப் பேட்டி எடுத்த படத்துக்கு 8 தாராளம்.

ஆனால் நீங்கள் ஏற்றும் கோப்பை யூடியூப் அப்படியே காட்டுவதில்லை. அதை 360, 720, 1080 என்று ஒவ்வொரு அளவுக்கும் தனித்தனியாக மறுபடி அமுக்குகிறது. இசைகுடிமானத்தை (செட்டிநாட்டுக் கல்யாணத்தில் எழுதும் ஒப்பந்தச் சீட்டு) ஜெராக்ஸ் எடுத்து, அந்த ஜெராக்ஸை இன்னொரு முறை ஜெராக்ஸ் எடுத்தால் எழுத்து என்ன ஆகும்? முதல் பிரதி மங்கலாக இருந்தால் இரண்டாவதில் பேரே படிக்க முடியாது. நம் கையில் இருப்பது முதல் பிரதி மட்டும்தான், அதைத் தெளிவாகக் கொடுக்க வேண்டும்.

எச்.264 எப்படி இடத்தை மிச்சம் பிடிக்கிறது என்று தெரிந்துகொண்டால் மீதியெல்லாம் தானாக விளங்கும். ஒவ்வொரு ஃப்ரேமையும் அது முழுதாக எழுதுவதில்லை. முந்தைய ஃப்ரேமில் இருந்து எது மாறவில்லையோ, எது கொஞ்சம் நகர்ந்ததோ, அதை "அங்கிருந்தே எடுத்துக்கொள்" என்று குறித்துவிட்டு, புதிதாக வந்ததை மட்டும் எழுதுகிறது. மணமக்கள் அசையாமல் உட்கார்ந்திருக்கும் வரை அதற்கு வேலையே இல்லை. கெட்டிமேளம் கொட்டி, திருப்பூட்டுகிற (தாலி கட்டுகிற) நொடியில் நாலா பக்கமிருந்தும் அட்சதை பறக்கும் பாருங்கள், அங்கேதான் சிக்கல். ஒவ்வொரு அரிசியும் அதற்குப் புதுச் செய்தி. முந்தைய ஃப்ரேமில் இல்லாத இடத்தில் ஆயிரம் புள்ளிகள். கொடுத்த பிட்ரேட் பற்றாமல், மாப்பிள்ளையின் முகமும் மாலையும் சதுரம் சதுரமாக உடையும். மூன்று மணி நேரப் படத்தில் எல்லாரும் திரும்பத் திரும்பப் பார்க்கப்போவது அந்தப் பத்து வினாடியைத்தான்.

அதனால் நான் செய்வது: முழுப் படத்தையும் ரெண்டர் போடும் முன், படத்திலேயே கடினமான பத்து வினாடியைத் தேடி, அதை மட்டும் எக்ஸ்போர்ட் செய்து பார்ப்பேன். அட்சதை, புகை, தீபாராதனை, கூட்டம் என்று எதுவாகவும் இருக்கலாம். அது தாங்கினால் மற்றது தாங்கும்.

அப்படியென்றால் 100 போட்டுவிடலாமே?

1080 படத்துக்கு வேண்டாம். ஒரு கட்டத்துக்கு மேல் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, ஏற்றும் நேரம்தான் கூடும். கணக்கு எளிது. பிட்ரேட்டை வினாடிகளால் பெருக்கி 8-ஆல் வகுத்தால் கோப்பின் அளவு எம்பியில் கிடைக்கும். மூன்று மணி நேரக் கல்யாணம் 16 எம்பிபிஎஸ்ஸில் ஏறக்குறைய 21.6 ஜிபி. உங்கள் இணைப்பின் அப்லோடு வேகம் 20 எம்பிபிஎஸ் என்றால் ஏறி முடிய கிட்டத்தட்ட இரண்டரை மணி நேரம். அதையே 100-இல் போட்டால் 135 ஜிபி, 15 மணி நேரம். நடுவில் கரண்ட் போனால் கேட்கவே வேண்டாம்.

திட்டத்தில் எழுதியிருக்கும் வேகம் பெரும்பாலும் டவுன்லோடு வேகம். அப்லோடு தனி. ஸ்பீடு டெஸ்ட்டில் இரண்டாவதாக வரும் எண்ணைப் பாருங்கள். அப்புறம், போன் எண் கொடுத்துச் சரிபார்க்காத யூடியூப் கணக்கில் 15 நிமிடத்துக்கு மேல் ஏற்ற முடியாது. சரிபார்த்த கணக்கில் 12 மணி நேரம் அல்லது 256 ஜிபி வரை. வீட்டுக்காரர் பெயரில் புதுக் கணக்குத் தொடங்கினால் இந்த வேலையை முதல் நாளே முடித்துவிடுங்கள்.

சிபிஆர், விபிஆர், ஆர்எஃப் எது நல்லது?

கோப்பாக ஏற்றுவதற்கு விபிஆர், அதாவது வேரியபிள் பிட்ரேட். தேவைப்படும் இடத்தில் கூட்டியும் தேவையில்லாத இடத்தில் குறைத்தும் கொடுக்கும். ஹேண்ட்பிரேக் (வீடியோவை மாற்றித் தரும் இலவச மென்பொருள்) பயன்படுத்துகிறவர்கள் ஆர்எஃப் என்ற தர எண்ணை 18 வைத்தால் போதும். அங்கே எண் குறையக் குறையத் தரம் கூடும், அதை மட்டும் மறக்காதீர்கள். "வெப் ஆப்டிமைஸ்டு" என்ற கட்டத்தில் டிக் அடித்துவிடுங்கள். சிபிஆர், அதாவது மாறாத பிட்ரேட், நேரலைக்கு.

ஃப்ரேம் ரேட் 25-ஆ, 30-ஆ, 60-ஆ? 60 போட்டால் படம் வழவழவென்று வருமா?

வராது. இதில் நானே பட்டிருக்கிறேன். தொழில் தொடங்கிய புதிதில் ஒரு வீட்டு விசேஷத்தை 25-இல் எடுத்து, எக்ஸ்போர்ட்டில் 30 போட்டுக் கொடுத்துவிட்டேன். வளவில் (வீட்டின் உள்முற்றப் பகுதி) தூண் வரிசையை ஒட்டிக் கேமரா மெதுவாக நகரும் காட்சி ஒன்று, எனக்கு ரொம்பப் பிடித்த காட்சி. யூடியூபில் பார்த்தால் பர்மா தேக்குத் தூண் ஒவ்வொன்றும் துடித்துத் துடித்து நகர்ந்தது. காரணம், 25-ஐ 30 ஆக்கும்போது மென்பொருள் ஒவ்வொரு ஐந்து ஃப்ரேமுக்கும் ஒன்றை இரட்டித்துப் போடுகிறது. வினாடிக்கு ஐந்து முறை படம் நின்று நகரும். பேச்சுக் காட்சியில் தெரியாது. கேமரா நகர்கிற இடத்தில் அப்பட்டமாகத் தெரியும்.

நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதனால் 25 அல்லது 50 ஃப்ரேமில், ஷட்டரை வினாடியில் 50-இல் ஒன்று அல்லது 100-இல் ஒன்று வைத்து எடுத்தால் டியூப்லைட்டும் பெரும்பாலான எல்இடி விளக்குகளும் படபடக்காது. விளக்கு படபடத்தால் பார்க்க மோசம் என்பது மட்டுமல்ல, ஒவ்வொரு ஃப்ரேமிலும் வெளிச்சம் மாறுவதால் கோடெக் மொத்தப் படத்தையும் புதிதாக எழுத வேண்டியிருக்கும். பிட்ரேட் முழுவதும் அதிலேயே போய்விடும். கல்யாண வீட்டு முகப்பில் சீரியல் செட் கட்டியிருந்தால் முன்கூட்டியே ஒரு நிமிடம் எடுத்துப் போட்டுப் பாருங்கள்.

சிராவயல் மஞ்சுவிரட்டு மாதிரி வேகமான விஷயத்துக்கு 50. காளை திரும்பும்போது திமில் தெரிய வேண்டுமே. அப்படி எடுத்தால் எக்ஸ்போர்ட்டும் 50-ஆக, பிட்ரேட்டை ஒன்றரை மடங்காகக் கூட்டுங்கள்.

நாங்கள் கேமராவில் 25, மச்சான் போனில் எடுத்தது 30. இரண்டையும் சேர்க்க வேண்டும்.

எதில் எடுத்த காட்சி அதிகமோ, டைம்லைனுக்கு (மென்பொருளில் காட்சிகளை அடுக்கும் இடம்) அதன் ஃப்ரேம் ரேட். கல்யாணத்தில் அது கேமராவாகத்தான் இருக்கும், 25 வையுங்கள். போனில் எடுத்ததில் இன்னொரு பிரச்சினையும் உண்டு. பல போன்கள் சரியாக 30 எடுப்பதில்லை, வெளிச்சத்தைப் பொறுத்து 28, 30 என்று மாறிக்கொண்டே போகும். எடிட்டிங் மென்பொருளில் பத்து நிமிடம் தாண்டினால் நாதஸ்வரக்காரரின் கன்னம் உப்புவது ஓரிடம், சத்தம் வருவது ஓரிடம் என்றாகிவிடும். முதலில் ஹேண்ட்பிரேக்கில் போட்டு கான்ஸ்டன்ட் ஃப்ரேம் ரேட் ஆக்கி, அப்புறம் டைம்லைனுக்குக் கொண்டுவாருங்கள்.

பழைய வீட்டுக்குள் எடுத்த காட்சி கணினியில் நன்றாக இருக்கிறது. யூடியூபில் இருட்டெல்லாம் கட்டம் கட்டமாக வருகிறது. ஏன்?

என்னிடம் அதிகம் வரும் கேள்வி இதுதான். செட்டிநாட்டு வீடு கோடெக்குக்கு ஒரு பரீட்சை. முகப்பைத் தாண்டி உள்ளே போனால் வளவின் நடுவில் வானம் பார்த்த முற்றம், கண்ணைக் கூசும் வெளிச்சம். சுற்றி இருக்கும் தாழ்வாரத்தில் கறுத்த தேக்கு, அரை இருட்டு. அந்த இருட்டை எடுக்க ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறன்) கூட்டுகிறோம். கூட்டியதும் படத்தில் நாய்ஸ் வருகிறது, மணல் தூவியது போல. அந்த மணல் ஒவ்வொரு ஃப்ரேமிலும் வேறு வேறு இடத்தில் இருக்கும். அட்சதைக்குச் சொன்ன அதே கதைதான், இங்கே படம் முழுக்க, முழு நேரமும்.

பிட்ரேட்டைக் கூட்டினால் உங்கள் கோப்பு சரியாகும், யூடியூப் அமுக்கிய பிறகு மறுபடி உடையும். அதனால் எக்ஸ்போர்ட்டுக்கு முன்னாலேயே நாய்ஸ் ரிடக்‌ஷன் போட வேண்டும். லேசாகப் போடுங்கள். கூடினால் ஆச்சிமார் முகம் மெழுகு பொம்மை போல ஆகிவிடும், கதவுச் செதுக்கலில் உள்ள இலையும் கொடியும் வழித்துவிட்டது போலாகும். நான் கதவு நிலையில் இருக்கும் சின்னச் சிற்பத்தின் மூக்கைப் பெரிதாக்கிப் பார்ப்பேன். மூக்கு தெரிகிறவரை போடலாம். முடிந்தால் எடுக்கும்போதே, மதியம் முற்றத்து வெளிச்சம் தாழ்வாரத்துக்குள் விழும் நேரமாகப் பார்த்து எடுங்கள். எக்ஸ்போர்ட்டில் செய்யும் எந்த வித்தையும் அதற்கு ஈடாகாது.

சுவருக்கு வேறு பிரச்சினை. சுண்ணாம்புச் சாந்து பூசித் தேய்த்த பழைய சுவர், தொட்டால் கண்ணாடி மாதிரி வழுவழு என்றிருக்கும். அதில் வெளிச்சம் மெல்ல மங்கிக்கொண்டே போகும். 8 பிட் படத்தில் ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான். அந்த மென்மையான மங்கலில் படிகள் தனித்தனிப் பட்டையாகத் தெரிய ஆரம்பிக்கும். இதற்கு மருந்து, நம்ப மாட்டீர்கள், ரொம்பக் கொஞ்சம் கிரெயின் சேர்ப்பது. பட்டையின் விளிம்பை அது கலைத்துவிடும். இப்போதுதானே நாய்ஸை எடுக்கச் சொன்னீர்கள் என்று கேட்பீர்கள். கேமரா போட்ட நாய்ஸ் முரடு. நாம் சேர்ப்பது பொடி. சுவர் தெரியும் காட்சிக்கு மட்டும் சேருங்கள், படம் முழுக்க வேண்டாம்.

ஆத்தங்குடிக் கல் பதித்த தரையும் கண்டாங்கிச் சேலைக் கட்டமும் மின்னிக்கொண்டே இருக்கின்றன. பிட்ரேட்டைக் கூட்டினால் போகுமா?

போகாது. மின்னுவது பிட்ரேட்டால் அல்ல. நெருக்கமான கோடும் கட்டமும் கேமராவின் புள்ளி வரிசையோடு மோதும்போது இல்லாத அலைகள் தோன்றும். கேமராவிலேயே அது பதிந்துவிட்டால் எக்ஸ்போர்ட்டில் ஒன்றும் செய்ய முடியாது. இரண்டடி முன்னே போயோ கோணத்தை மாற்றியோ எடுத்திருக்க வேண்டும். ஆனால் பல சமயம் 4கே படத்தை 1080 ஆகச் சுருக்கும்போதுதான் அது வருகிறது. பிரீமியர் எடிட்டிங் மென்பொருளில் "மேக்சிமம் ரெண்டர் குவாலிட்டி" டிக் அடித்துச் சுருக்குங்கள், ஷார்ப்பன் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். அல்லது சுருக்காமல் 4கே ஆகவே ஏற்றுங்கள். கண்ணாடித் தட்டின் மேல் வார்த்து எடுப்பதால் ஆத்தங்குடிக் கல்லுக்கு ஒரு பளபளப்பு உண்டு. அந்தப் பளபளப்பு தெரிய வேண்டும் என்றாலும் 4கே தான் நல்லது.

1080-இல் எடுத்ததைப் பெரிதாக்கி ஏற்றினால் தரம் கூடும் என்கிறார்களே?

படத்தில் இல்லாத விவரம் புதிதாக வராது. ஆனாலும் சொல்வதில் உண்மை இருக்கிறது. 1440-உம் அதற்கு மேலும் ஏற்றினால் யூடியூப் பொதுவாக விபி9 என்ற நல்ல கோடெக்கில், கூடுதல் பிட்ரேட்டோடு அமுக்குகிறது. பார்வையாளர் குறைந்த சேனலில் 1080 படத்துக்கு அந்த வாய்ப்பு எப்போதும் கிடைப்பதில்லை. குடும்ப வீடியோவுக்கு 200 பேர் பார்த்தாலே பெரிது. அதனால் 1080 படத்தை 1440 ஆக்கி, 24 எம்பிபிஎஸ்ஸில் ஏற்றுவது என் வழக்கம். வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிறது, குறிப்பாக பட்டுப்புடவை ஜரிகையில்.

எச்.265 போட்டால் கோப்புச் சின்னதாகுமே?

ஆகும். யூடியூப் ஏற்றுக்கொள்ளும். ஆனால் வீட்டுக்காரர் அதே கோப்பைப் பென்டிரைவில் வாங்கி 10 வருடப் பழைய டிவியில் போட்டால் ஓடாமல் போகலாம். எச்.264 பெரும்பாலும் எங்கே போட்டாலும் ஓடும்.

ஐபோனில் எடுத்தது எக்ஸ்போர்ட் செய்ததும் வெளிறிப் போகிறது.

ஐபோன் 12 முதல் எச்டிஆர் (வெளிச்ச வீச்சு அதிகமாகப் பதியும் முறை) தானாகவே இயங்கிக்கொண்டிருக்கும். அந்தப் படத்தைச் சாதாரண ரெக் 709 டைம்லைனில் மாற்றாமல் போட்டால் வெள்ளை வேட்டியெல்லாம் வெந்துபோகும். ரிசால்வ் எடிட்டிங் மென்பொருளில் கலர் மேனேஜ்மென்ட்டில் ரெக் 709-க்கு மாற்றுங்கள், பிரீமியரில் டோன் மேப்பிங் போடுங்கள். அடுத்த முறை எடுக்கும் முன்பே போனின் கேமரா அமைப்பில் எச்டிஆர் வீடியோவை அணைத்துவிடச் சொல்லுங்கள்.

அப்பத்தா காலத்துக் கல்யாணக் கேசட் இருக்கிறது. டிஜிட்டல் ஆக்கி ஏற்ற முடியுமா?

முடியும், தள்ளிப் போடாதீர்கள். வருடம் கூடக் கூட நாடா கெடுகிறது.

மாற்றி வாங்கும் கோப்புப் பெரும்பாலும் 720-க்கு 576, இன்டர்லேஸ்டு. வினாடிக்கு 50 அரைப் படங்கள், ஒற்றை வரி ஒரு தடவை, இரட்டை வரி ஒரு தடவை. அப்படியே ஏற்றினால் கை அசைக்கும்போது விரலெல்லாம் சீப்புப் பல் போல வரும். ஹேண்ட்பிரேக்கில் டீஇன்டர்லேஸ் பகுதியில் "பாப்" என்பதைத் தேர்ந்தெடுத்தால் 50 அரைப் படமும் 50 முழு ஃப்ரேமாகும், அசைவு அந்தக் காலத்து டிவியில் பார்த்த மாதிரியே இருக்கும். பிறகு 1440-க்கு 1080 ஆகப் பெரிதாக்கி, இரண்டு பக்கமும் கறுப்பு விட்டு ஏற்றுங்கள்.

தயவுசெய்து அகலத்துக்கு இழுக்காதீர்கள். தேவகோட்டைக் குடும்பம் ஒன்றின் கேசட்டை வேறொருவர் திரை நிறைய இழுத்துக் கொடுத்திருந்தார். பார்த்த ஆச்சி, "எங்க அப்பச்சி இவ்வளவு குண்டு இல்லையேப்பா" என்றார். மறுபடி சரியான அளவில் போட்டுக் காட்டினேன். திரை அருகே வந்து, ஒன்றும் பேசாமல் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அப்பச்சி, அதாவது அப்பா, அசைந்து பேசும் படம் அது ஒன்றுதான்.

ஒலியை எவ்வளவு வைப்பது?

யூடியூப் சுமார் -14 எல்யூஎஃப்எஸ் (மொத்தச் சத்தத்தை அளக்கும் அலகு) அளவுக்கு மேலே சத்தமாக இருப்பதைத் தானாகக் குறைக்கும், மெதுவாக இருப்பதைக் கூட்டாது. ஆகவே -14 பக்கம் வையுங்கள், உச்சம் -1 டிபியைத் தாண்டக் கூடாது. நாதஸ்வரமும் தவிலும் பக்கத்தில் இருந்து பதிந்தால் கேமராவிலேயே கிழிந்துவிடும். அதை எந்த எக்ஸ்போர்ட்டும் ஒட்டாது, மைக் அளவைக் குறைத்து வைத்து எடுங்கள்.

நேரலைக்கும் இதே அமைப்பா?

இல்லை. நேரலையில் பின்னால் திரும்பிப் பார்க்க நேரமில்லை, பிட்ரேட் சீராகப் போக வேண்டும். ஓபிஎஸ் என்ற நேரலை மென்பொருளில் சிபிஆர், கீஃப்ரேம் (முழுதாக எழுதப்படும் ஃப்ரேம்) இடைவெளி 2 வினாடி, ஒலி 128 கேபிபிஎஸ். 720 என்றால் 3 முதல் 4 எம்பிபிஎஸ், 1080 என்றால் 6. அந்த இடத்து அப்லோடு வேகத்தில் பாதிக்கு மேல் எடுக்காதீர்கள்.

அந்த இடத்தில் என்பதோடு அந்த நேரத்தில் என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாட்டரசன்கோட்டை செவ்வாய்ப் பொங்கலை எண்ணிப் பாருங்கள். காலையில் போய் மொபைல் டேட்டாவைச் சோதித்தால் பிரமாதமாக இருக்கும். சாயங்காலம் பானைகள் வரிசை வரிசையாகப் பொங்கும் நேரத்தில் ஆளுக்கொரு போனில் வீடியோ கால். வேகம் பத்தில் ஒரு பங்காகும். அதே நேரத்தில்தான் அடுப்புப் புகை கிளம்பிப் படத்துக்குப் பிட்ரேட் அதிகம் கேட்கும். இந்த மாதிரி இடத்தில் 1080 ஆசையை விட்டுவிட்டு 720 வையுங்கள். தடங்கலில்லாமல் ஓடும் 720, நின்று நின்று வரும் 1080-ஐவிட எவ்வளவோ மேல். பக்கத்து வீட்டில் பைபர் இணைப்பு இருந்தால் கேட்டு, கேபிள் இழுத்துவிடுங்கள். நம் ஊரில் யாரும் மாட்டேன் என்று சொல்ல மாட்டார்கள்.

சேனலில் நேரலையை முதல் தடவை இயக்கினால் அனுமதி வர 24 மணி நேரம் வரை ஆகலாம். அழைப்பில் சிங்கப்பூர் நேரத்தையும் போடுங்கள். இங்கே முகூர்த்தம் காலை 6 என்றால் அங்கே 8.30.

வாட்ஸ்அப்பில் அனுப்பினால் மோசமாகிறது. ரீல்ஸுக்கு?

வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பாமல் டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், 2 ஜிபி வரை போகும், அமுக்காது. ரீல்ஸுக்கு 1080-க்கு 1920, 30 ஃப்ரேம். அதற்கென்று தனியாக எடுப்பதானால் எடுக்கும்போதே 30.

ஏற்றியவுடன் பார்த்தால் எல்லாம் மங்கல். எங்கே தப்பு?

பெரும்பாலும் தப்பே இல்லை. யூடியூப் முதலில் 360-ஐத் தயாரித்து வெளியே விடுகிறது. 1080-உம் 4கே-உம் பின்னால் வரும், நீளப் படத்துக்குச் சில மணி நேரம்கூட ஆகும். அந்த இடைவெளியில் இணைப்பை அனுப்பிவிட்டால் கோலாலம்பூரில் இருந்து போன் வந்துகொண்டே இருக்கும். முதல் நாள் இரவே "அன்லிஸ்டடு" (இணைப்பு உள்ளவர் மட்டும் பார்க்கும்படி) என்று ஏற்றிவிட்டுத் தூங்குங்கள். காலையில் தர அமைப்பில் 1440 வந்துவிட்டதா என்று பார்த்து, அட்சதைக் காட்சியை ஒரு தடவை போனிலும் ஒரு தடவை டிவியிலும் ஓட்டிப் பாருங்கள். அப்புறம் இணைப்பை அனுப்பலாம்.